ஒழுகல் திருப்திகரமாகத் தொடர்கிறது

கேளுங்கள் கண்ணுகளா. ஒரு நாடு ஏழையாகவே இருப்பதற்கு எத்தனை பேர் பாடுபட வேண்டியிருக்கிறது என்பது நமக்கெல்லாம் லேசில் விளங்குவதில்லை. நாம் பாட்டுக்குக் கொழுந்து பறிக்கிறோம், ரொட்டி சுடுகிறோம், இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறோம். நாடு அதுபாட்டுக்கு ஏழையாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். எதுவும் அப்படிச் சும்மா நடந்துவிடாது. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. அலுவலகத்துக்கு வெள்ளை வாகனங்கள் இருக்கின்றன. இதெல்லாம், பழனியாண்டியின் கூரையிலிருந்து மூன்று தகரம் பறந்துபோன பிறகுதான் நம் பக்கத்துச் சனத்துக்குத் தெரியவந்தது.

பழனியாண்டி தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயத்தில் குடியிருப்பவர். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக அடைத்துக் கட்டிய காம்பராக்களில் அவருடையது கடைசி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தால் மலையையே சீவி எடுத்துவிடுவார். நாலு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் மனைவி லெட்சுமியின் முகத்தைப் பார்ப்பார். லெட்சுமி அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

வைகாசிக் காற்று தகரத்தைத் தூக்கிப்போன இடம் சரியாக உள்காம்பராவுக்கு மேலே. அந்தக் காம்பராவில்தான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சுதர்ஷினி படுத்திருந்தாள். மாதம் நிறைந்துவிட்டது. மழையும் நிறைந்துகொண்டு வந்தது. இரண்டில் எது முந்தும் என்பதுதான் அந்த வீட்டுக் கவலை. சுதர்ஷினியின் புருஷன் தனுஷன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன். செய்தி போனவுடன், வலப்பனையிலிருந்து மரக்கறி கொண்டுவந்துவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியில் மூன்று புதுத் தகரம் ஏற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழனியாண்டியும் பக்கத்துக் காம்பரா அழகுமுத்துவும் ஏணியைச் சாத்தினார்கள். பழனியாண்டி வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறினார்.

வேலை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கதையும் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து வெள்ளை வாகனம் வந்து நின்றது.

இறங்கி ஓடிவந்தவர் பரமலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கழுத்தில் அடையாள அட்டை. வளர்முக நாடுகளின் பொருளாதாரச் சவால்களுக்கான உலகப் பேரவையின் கள இணைப்பாளர். பெயர் நீளமானதால் நாம் பேரவை என்றே வைத்துக்கொள்வோம்.

"அண்ணை, பொறுங்கோ! ஒரு ஆணியும் அடிக்க வேண்டாம்! இது என்ன ஓட்டை?"

பழனியாண்டி வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "காத்து தூக்கிட்டுப் போயிருச்சுங்க."

"எப்ப?"

"முந்தாநாளுங்க."

"நாடு வங்குரோத்தாகினதுக்குப் பிறகுதானே?"

பழனியாண்டி யோசித்துப் பார்த்தார். நாடு கவிழ்ந்து சில வருடமாகிறது. தகரம் போனது முந்தாநாள். "ஆமாங்க, பொறகுதான்."

பரமலிங்கம் வாகனத்தைப் பார்த்துக் கையசைத்தார். "மிஸ், கிடைச்சிட்டுது!"

வாகனத்திலிருந்து இறங்கியவர் ஊர்மிளா. பேரவையின் மொழிபெயர்ப்பாளர். கூரையை அண்ணாந்து பார்த்து, நெஞ்சில் கைவைத்து, "எவ்வளவு தெளிவான ஓட்டை" என்றார்.

லெட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாங்க மிஸ் கெடச்சிருச்சு? தகரமா? தகரம் நம்மகிட்டயே இருக்குங்க. அந்தா, செவுத்துல சாஞ்சிருக்கு பாருங்க."

பரமலிங்கம் விளக்கினார். பேரவை தை மாதத்திலிருந்து ஒரு குடும்பத்தைத் தேடுகிறது. அதிர்ச்சியால் அடிபட்டதாக இருக்க வேண்டும், ஆனால் நொறுங்கிப்போனதாக இருக்கக் கூடாது. நொறுங்கிப்போன குடும்பங்கள் நிறையக் கிடைத்தன. அடிபட்டுத் தாங்களே சரிசெய்துகொண்ட குடும்பங்களும் கிடைத்தன. இரண்டுக்கும் நடுவில், ஏணியில் பாதி ஏறிய நிலையில் ஒரு குடும்பம் இப்போதுதான் அகப்பட்டிருக்கிறது.

"நீங்கள் இப்ப தகரத்தை அடிச்சால் சவால் முடிஞ்சிடும்" என்றார் பரமலிங்கம். "சவால் முடிஞ்சால் பிறகு நாங்கள் எதை ஆராயிறது? எங்களையும் ஒருக்கா யோசியுங்கோ."

"மகளுக்கு இதுதாங்க மாசம்" என்றாள் லெட்சுமி. "மழ வந்தா பச்சப் புள்ளையோட எங்கங்க படுப்பா?"

ஊர்மிளாவின் முகம் மலர்ந்தது. "கர்ப்பிணியும் இருக்கிறாரா? நல்லது, நல்லது. தாய்சேய் நலனையும் சேர்த்துக்கொள்ளலாம்."

அதற்குள் கண்டாக்கையா இராமையா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தோட்டத்து வேலையைக் கண்காணிப்பவர் அவர்தான். தோட்டத்தை நடத்தும் துரை போன் பண்ணியிருக்கிறார். லயம் தோட்டத்துச் சொத்து. பேரவைக்கு அந்த ஓட்டையை ஆய்வு முடியும்வரை துரை மனமுவந்து கொடுத்துவிட்டார்.

"எறங்குங்கண்ணே" என்றார் இராமையா மெதுவாக. "ஆணி அடிச்சீங்கன்னா நாளைக்குப் பெரட்டுல ஒங்க பேரக் கூப்புட மாட்டாங்களாம்."

விடியற்காலையில் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பழனியாண்டி இறங்கினார். பரமலிங்கம் மூன்று தகரத்தையும் சேர்த்து மஞ்சள் நாடாவால் கட்டி, முடிச்சில் பேரவையின் முத்திரையை வைத்தார். பொக்கிஷம் மாதிரி அவை வாசல் சுவரில் சாய்ந்தபடியே இருந்தன, ஓட்டைக்குப் பத்தடி தள்ளி.

மறுநாளே மழை பிடித்தது.

மலைநாட்டு மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? விட்டுவிட்டுப் பெய்கிற பழக்கம் அதற்கில்லை. லெட்சுமி அண்டா, குண்டா, குளிக்கிற வாளி என்று கிடைத்ததையெல்லாம் கீழே வைத்தாள். காலையில் பரமலிங்கம் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். ஒன்று ஈயம், ஒன்று பிளாஸ்டிக், ஒன்றுக்குக் கைப்பிடி இல்லை. இவற்றில் விழும் தண்ணீரை எந்த நாட்டோடு ஒப்பிடுவது? எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைக்கச் சொல்லி, பேரவையின் சின்னம் பொறித்த நீல வாளிகள் ஆறு கொண்டுவந்தார். அவற்றை அவர் சொன்ன இடத்தில்தான் வைக்க வேண்டும். ஒழுகும் இடம் வேறாக இருந்தால் அது ஒழுகலின் தவறு.

கட்டிலை மூலைக்கு இழுத்திருந்ததையும் அவர் கண்டுபிடித்தார்.

"இதை ஆர் நகர்த்தினது?"

"நான்தாங்க" என்றார் பழனியாண்டி. "மக நனையுறான்னு."

"அண்ணை, இது தகவமைப்பு. நல்ல விசயம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தகவமைப்பு ஆடி மாதத்திலைதான் வருது. இப்ப பாதிப்புக் கட்டம். கட்டிலைப் பழைய இடத்திலை வையுங்கோ."

சுதர்ஷினி அன்றைக்கு முழுக்க இடுப்பில் கையூன்றிக்கொண்டு இஸ்தோப்பிலேயே, அதுதான் முன்பக்கத்துத் தாழ்வாரத்திலேயே, உட்கார்ந்திருந்தாள். கட்டில் பழைய இடத்தில் நனைந்து பாதிப்படைந்தது. பரமலிங்கம் படம் பிடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நாளுக்கொரு நிபுணர். நீர்வலு படித்த ஒருவர் வந்து ஒழுகும் உயரத்தை அளந்து பார்த்து, நோட்டன் பிரிட்ஜில் அணை கட்டி மின்சாரம் எடுத்துப் பெரிதாகச் செய்ததை இந்தக் காம்பராவில் சிறிதாகச் செய்யலாம், மழை மட்டும் இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்தால் போதும் என்றார். அடுத்த நாள் வந்தவர் சிக்கன நிபுணர். அவர் அடுப்படியில் குனிந்து கேத்தலைத் திறந்து பார்த்தார்.

"சீனி போடுகிறீர்களா?"

"பாலில்லாத வெறுஞ் சாயத்தண்ணிதாங்க. சீனியக் கையில வச்சு நக்கிக்குவோம்."

"அதைத்தான் சொல்கிறேன். நக்காமல் பார்த்தபடி குடிக்கலாம். பல நாடுகளில் செய்கிறார்கள்." பிறகு சுதர்ஷினியின் வயிற்றைப் பார்த்தார். "இந்த நேரத்தில் புதிய பொறுப்பொன்றை ஏற்பது உசிதமில்லை. பிரசவத்தை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போட முடியுமா?"

லெட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க தொர. அவங்க ஒங்களத் தள்ளிப்போடலாமான்னு யோசிச்சிருப்பாங்க. எப்புடின்னு சொல்லுவாங்க."

சிக்கன நிபுணர் இதை ஒத்துழைப்புக்கான அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

ஒரே கூரை என்றேன் இல்லையா? தண்ணீருக்குக் காம்பரா நம்பர் தெரியாது. பத்து நாளில் உத்தரத்தின் வழியாக ஊர்ந்து அது அழகுமுத்துவின் அடுப்பில் சொட்டத் தொடங்கியது. அழகுமுத்து கையில் நனைந்த விறகோடு வந்தான்.

"மச்சான், ஒங்க சவால் எங்க வூட்டுக்குள்ள வந்திருச்சு. கொஞ்சம் கூப்புட்டுக்க."

பழனியாண்டி வெட்கப்பட்டுப்போனார். ஆனால் பரமலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு நாட்டின் நெருக்கடி அயல் நாட்டுக்குப் பரவுவதை அவர் படித்துத்தான் இருந்தார், கண்ணால் கண்டதில்லை. அன்றைக்கே ஊர்மிளாவை வரவழைத்தார். இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவரில் ஒரு கோடு கிழித்து, பழனியாண்டி குடும்பத்தையும் அழகுமுத்து குடும்பத்தையும் அதற்கு இரு பக்கமும் உட்காரவைத்துப் பிராந்திய ஒத்துழைப்பு மாநாடு நடத்தினார்கள். முடிவில் இரு தரப்பும் கைகுலுக்க வேண்டும் என்றார்கள்.

"இவனோட கைகுலுக்கவா?" என்றான் அழகுமுத்து. "இவன் எனக்கு மச்சினன். காலையில இவன் வூட்டு ரொட்டியத்தான் தின்னேன்."

"இருந்தாலும் ஒருக்காக் குலுக்குங்கோ" என்றார் பரமலிங்கம். "படத்துக்கு."

குலுக்கினார்கள். இரண்டு வீடும் தொடர்ந்து ஒழுகியது.

சுதர்ஷினிக்கு இதற்குள் கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் வழுக்கி, கீழே விழப்போனவளை லெட்சுமி பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் நேரே பரமலிங்கத்திடம் போய் நின்றாள்.

"சேர், எங்களுக்கு வாளி வாணாம், மாநாடு வாணாம். அந்த நாடாவ மட்டும் அவுத்து விட்டுருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பரமலிங்கம் கெட்ட மனுசன் இல்லை கண்ணுகளா. கெட்ட மனுசன் ஒரு நாளாவது ஓய்வெடுப்பான். "எனக்கு விளங்குது அம்மா" என்றார். "ஆனால் அது என்ர கையிலை இல்லை. உங்கட குரலை மேலிடத்துக்குக் கொண்டுபோறம். நுவரெலியாவிலை பெரிய மாநாடு. எங்கட தலைவர், பணிப்பாளர் நாயகமே வாறார். நீங்களே மேடையிலை சொல்லலாம்."

அப்படியாகப் பழனியாண்டியும் லெட்சுமியும் வெள்ளை வாகனத்தில் நுவரெலியாவுக்குப் போனார்கள்.

வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல். உள்ளே கணப்படுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாநாட்டின் தலைப்பு 'சவால்களோடு மனமகிழ்ந்து வாழ்தல்'. பல வளர்முக நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் தங்கள் நாட்டு ஓட்டைகளைத் திரையில் காட்டி மரியாதை செய்துகொண்டார்கள். பசி பற்றிய அமர்வை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தார்கள். வெறும் வயிற்றோடு பேசினால் நிதானம் தவறிவிடும் என்ற அச்சம். அந்த அமர்வில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

மேடையில் முதலில் பழனியாண்டியின் பெயரை வாசித்தார்கள். பெரட்டில் இருபத்தைந்து வருடம் நின்று பழகிய மனுசன், பெயர் காதில் விழுந்ததும் எழுந்து விறைப்பாக நின்று, "இருக்கேங்க!" என்று குரல் கொடுத்தார். சபை நெகிழ்ந்துபோய்க் கைதட்டியது. இல்லாமையின் நடுவிலும் இருக்கிறேன் என்கிறார், என்ன உறுதி என்று பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்தார். பழனியாண்டி, எந்த மலைக்குப் போகச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார். லெட்சுமி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பிறகு பணிப்பாளர் நாயகம் பேசினார். அவர் இங்கிலீசில் பேசப் பேச, ஊர்மிளா தமிழில் சொன்னார்.

"நண்பர்களே, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பேரவையைத் தொடங்கியபோது எத்தனை வளர்முக நாடுகளைப் பொறுப்பேற்றோமோ, அத்தனையும் இன்றும் வளர்முக நாடுகளாகவே நம்மிடம் இருக்கின்றன. ஒன்றைக்கூட நாம் இழக்கவில்லை."

கைதட்டல் அடங்க நேரமானது.

"சிலர் கேட்கிறார்கள், ஏன் நீங்கள் ஓட்டையை அடைப்பதில்லை என்று. அடைப்பது தச்சரின் வேலை. பேரவையில் தச்சர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் ஓட்டையைப் புரிந்துகொள்கிறோம். புரிந்துகொள்ளப்பட்ட ஓட்டையின் கீழே வாழ்வதற்கும் புரிந்துகொள்ளப்படாத ஓட்டையின் கீழே வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே அமர்ந்திருக்கும் இந்தத் தம்பதி அறிவார்கள். கடன் வாங்கும் நாடு நமது ஆலோசனையைக் கேட்கிறது. ஆலோசனையைக் கேட்டதால் மறுபடியும் கடன் வாங்குகிறது. இதைவிட ஆழமான நம்பிக்கை உறவு உலகில் உண்டா?"

இல்லை என்று சபை ஒப்புக்கொண்டது.

லெட்சுமிக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள். அவள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஐயாமாரே, எம் மகளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. தகரம் வாசல்லயே கெடக்கு. ஆணியும் இருக்கு. அடிக்க ஆளும் இருக்கு. நீங்க ஒண்ணுஞ் செய்ய வாணாம். அடிக்க விட்டாப் போதும். அவ்வளவுதாங்க."

ஊர்மிளா அதை இங்கிலீசில் சொன்னார். சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. சபை எழுந்து நின்று கைதட்டியது. பணிப்பாளர் நாயகம் வந்து லெட்சுமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடிக்கச் சொல்லிட்டாராங்க மிஸ்?" என்று லெட்சுமி ஆவலோடு கேட்டாள்.

"அதைவிடப் பெரிது அம்மா. பெண்கள் தலைமையிலான கட்டமைப்புச் சீர்திருத்தத்துக்கு நீங்கள் அழைப்பு விடுத்திருக்கிறீர்கள். தீர்மானமாகவே நிறைவேற்றிவிட்டார்கள்."

"தகரம்?"

"தகரம் அடுத்த கட்டம்."

புறப்படும்போது நினைவுப்பரிசு தந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். அவர்கள் வீட்டுக் கூரையின் ஓட்டைதான். வெயில் அடித்த நேரத்தில் எடுத்திருந்தார்கள். ஓட்டை வழியாக நீல வானம் அழகாகத் தெரிந்தது.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது சுதர்ஷினிக்கு இடுப்புவலி எடுத்திருந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லபடியாகப் பிரசவமானது. பெண் குழந்தை. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பிள்ளையைக் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார் தாதி. லெட்சுமி தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஓட்டோ லயத்தடியில் நின்றபோது கொட்டிக்கொண்டிருந்தது. உள்காம்பராவில் பரமலிங்கம் முழங்காலில் நின்று நான்காவது நீல வாளியை அளந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க சேர்" என்றாள் லெட்சுமி. "புள்ள வருது."

"எந்தப் பிள்ளை?"

"சுதர்ஷினி பெத்த புள்ளைங்க. பொம்பளப் புள்ள."

பரமலிங்கம் எழுந்தார் என்று சொல்ல முடியாது, எகிறினார். ஆறு வாளியையும் ஒரே தாண்டில் தாண்டி வாசலுக்கு வெளியே போய் மழையில் நின்றார்.

"ஐயோ, துடக்கு! துடக்கு வீட்டுக்கையோ இவ்வளவு நேரமும் நிண்டனான்? ஊரிலை எங்கட கோயில் கொடி ஏறியிட்டுது. நான் விரதம்! முதலே சொல்லக்கூடாதோ?"

"தீட்டாகப்போவுதுன்னு மொத நாளே சொன்னனேங்க" என்றாள் லெட்சுமி. "மகளுக்கு இது மாசம்னு."

பரமலிங்கம் திருநீற்றைத் தடவித் தடவி மழையில் கரைத்தார். "உங்களுக்கு எத்தினை நாள் துடக்கு?"

"பதினாறுங்க."

"எங்களுக்கு முப்பத்தொண்டு!"

லெட்சுமி புருஷனைப் பார்த்தாள். பழனியாண்டி லெட்சுமியைப் பார்த்தார். இரண்டு பேர் பார்வையும் சுவரில் சாய்ந்திருந்த தகரத்தின் மேல் போய் விழுந்தது.

"ஒங்களுக்கு எதுக்குங்க சேர் கொறச்சல்?" என்றாள் லெட்சுமி. "முப்பத்தொண்ணே வச்சுக்குவோம். அதுக்கு முன்ன ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. சாமி குத்தமாயிரும்."

"கட்டாயம், கட்டாயம்" என்று சொல்லிக்கொண்டே பரமலிங்கம் தலையில் தண்ணீரைத் தெளித்தார். பெய்த மழை போதாது என்று போத்தல் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டார். அன்றைக்கே யாழ்ப்பாணம் போய்விட்டார்.

வாகனம் வளைவைத் தாண்டியதுதான் தாமதம், லெட்சுமி அரிவாள்மனையை எடுத்துவந்து மஞ்சள் நாடாவை ஒரே இழுப்பில் அறுத்தாள். லயத்து ஆண்கள் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். அழகுமுத்து ஏணியோடு வந்தான். பெண்கள் பிள்ளையையும் தாயையும் அழகுமுத்து வீட்டு நனையாத மூலையில் உட்காரவைத்து, சுற்றி நின்று கம்பளியைக் கூடாரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டு இராமையா வந்தார். ஏணிக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

"தீட்டு வூடுங்க கண்டாக்கையா" என்றாள் லெட்சுமி. கையில் அரிவாள்மனை இன்னும் இருந்தது.

இராமையா கூரையைப் பார்க்கவில்லை. எதிர்மலையைப் பார்த்துத் திரும்பி நின்று பீடியைப் பற்றவைத்தார். "எனக்குக் கழுத்துப் புடிச்சிருக்கு தாயி. இந்தப் பக்கந்தான் திரும்ப முடியுது. டேய் அழகுமுத்து, ஆணிய நேரா அடிடா. கோணலா அடிக்கிற சத்தம் கேக்குது."

"மெதுவாத்தான் அடிக்கிறேன்" என்றான் அழகுமுத்து மேலேயிருந்து. "சவால் முழிச்சிக்கிட்டா மறுபடி மாநாடு போடுவாங்க."

மூடுபனி இறங்குவதற்குள் முடிந்தது. தரையைத் துடைத்து, கணகணவென்று அடுப்பை மூட்டி, சேலையில் தொட்டில் கட்டினார்கள். பிள்ளை காலை நீட்டித் தூங்கியது. சுதர்ஷினி பல நாளுக்குப் பிறகு கட்டிலில் முதுகைச் சாய்த்தாள்.

பேரவைக்கு வாராவாரம் நிலவரம் சொல்லியாக வேண்டும். பரமலிங்கம் கோயில் வீதியில் தேருக்குக் காத்து நின்றபடியே ஊர்மிளாவுக்குப் போன் பண்ணிச் சொன்னார்: "ஒழுகல் திருப்திகரமாகத் தொடர்கிறது." அடுத்த வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது வாரம் ஒழுகலில் சிறிது முன்னேற்றம் என்றார். கேட்டவர்களுக்கு மிகுந்த நிம்மதி. அந்த நிம்மதியில் பணிப்பாளர் நாயகம், பல நாட்டுப் பிரதிநிதிகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஒழுகலை நேரில் தரிசிக்க நாள் குறித்தார்.

துடக்கு கழிந்த மறுநாள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள், கூடவே துரையும் இராமையாவும். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து லயத்துக்கு வரும்வரை எல்லோரும் குடையை மடக்கிக் கையில்தான் வைத்திருந்தார்கள், தோட்டத்துப் பையன்கள் தார்ப்பாய் பிடித்து வந்ததால். வாசலுக்கு வந்ததும் வழிகாட்டல்படி மழையங்கியை மாட்டி, குடையை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். சின்னக் காம்பரா குடையால் நிறைந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளை கலர் கலராகக் குடையைப் பார்த்துக் கையைக் காலை உதறியது.

பணிப்பாளர் நாயகம் கையை உயர்த்தினார். ஊர்மிளா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அமைதி. வறுமை துளித்துளியாக விழும் ஓசையைச் செவிமடுங்கள்."

செவிமடுத்தார்கள். தகரத்தின் மேல் மழை சடசடத்தது. உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. சிலர் குடைக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் குடையை மடக்கிவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு மறுபடி விரித்தாள். கடைசியாக நுழைந்த பரமலிங்கம் அண்ணாந்து பார்த்தார். புதுத் தகரம் பளபளத்தது. அவர் முகத்தில் மட்டும் ஒழுகத் தொடங்கியது.

துரை இராமையாவை முறைத்தார். இராமையா கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

பணிப்பாளர் நாயகம் அந்தப் பதவிக்குச் சும்மா வரவில்லை கண்ணுகளா. தொண்டையைச் செருமிக்கொண்டு, கையிலிருந்த பேச்சைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நண்பர்களே! பேரவை கால்வைத்த ஓரிரு மாதத்துக்குள் ஒரு கூரை எழுந்திருக்கிறது. இது வெற்றி."

கைதட்டத் தோதாகக் குடைகளை மடக்கினார்கள். துரை முறைப்பை அப்படியே புன்னகையாக மாற்றிக்கொண்டு பழனியாண்டியின் தோளில் தட்டினார். பழனியாண்டி கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். லெட்சுமிக்கு மூச்சு வந்தது. பெரட்டில் பேர் போகாது என்று தெரிந்ததும் அவள் அடுப்பில் எல்லோருக்கும் சாயத்தண்ணி வைத்தாள்.

ஆனால் பணிப்பாளர் நாயகம் இன்னும் முடிக்கவில்லை.

"வெற்றியை அறிவித்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். இந்தக் கூரை எங்களால்தான் வந்தது என்பதற்கு என்ன சான்று? ஆகவே இந்தத் தகரங்களை இப்போது கழற்றுவோம். பேரவை இங்கிருந்து விலகி நிற்கும். அவை தாமாகத் திரும்பி வந்தால், எங்களால் வரவில்லை என்று பொருள். வராவிட்டால், எங்களால்தான் வந்தது என்பது உறுதியாகும். அறிவியல் இரக்கம் பார்க்காது."

ஊர்மிளா தமிழில் சொல்லி முடித்தார். சுதர்ஷினி தொட்டில் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். பழனியாண்டி லெட்சுமியின் முகத்தைப் பார்த்தார்.

லெட்சுமி கேத்தலைக் கீழே வைத்தாள். "மிஸ், நான் சொல்றத அப்புடியே சொல்லுங்க. கூட்டியுஞ் சொல்லாதீங்க, கொறச்சுஞ் சொல்லாதீங்க. யாருக்குக் கழட்டணுமோ அவுங்களே ஏறிக் கழட்டட்டும். ஏணி வெளியதான் நிக்குது. எங்காளுங்க ஒருத்தரும் ஏற மாட்டாங்க."

ஊர்மிளா அவளைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக, கேட்டதை மட்டும் சொன்னார். மிகவும் சின்னதாக இருந்தது.

எல்லோரும் வாசல் வழியாக ஏணியைப் பார்த்தார்கள். மழையில் அது வழுவழுவென்று நின்றது. பணிப்பாளர் நாயகம் பரமலிங்கத்தைப் பார்த்தார்.

"எனக்கு உயரம் ஒத்துவராது சேர்" என்றார் பரமலிங்கம். "தலை சுத்தும்."

துரை தமது காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். சிக்கன நிபுணர் தமக்கு ஏற்றத்தில் அனுபவமில்லை, இறக்கத்தில்தான் என்றார். வாசலை அடைத்துக்கொண்டு அழகுமுத்துவும் லயத்துச் சனமும் நின்றார்கள். வழிவிட மட்டும் ஆயத்தமாக இருந்தார்கள், ஏணிப் பக்கமாக.

பணிப்பாளர் நாயகம் மறுபடி தொண்டையைச் செருமினார். ஏணியில் யார் ஏறுவது, எந்தப் பக்கத்தால் ஏறுவது, ஏறியவருக்கு ஆகும் அதிர்ச்சியை எந்த நிதியிலிருந்து ஈடுசெய்வது என்பவற்றை ஆராய ஓர் உபகுழு அமைக்கப்படுவதாக அறிவித்தார். சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, தந்த சீனியை நக்கிவிட்டு, பஸ் ஏறிப் போனார்கள்.

அந்த உபகுழு நுவரெலியாவில் கணப்படுப்பின் பக்கத்தில் இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது என்று கேள்வி. கூடட்டும். குளிர்நாடு, பாவம், அவர்களும் எங்கேதான் போவார்கள்? இங்கே பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். கையை விட்டுவிட்டு ஒரு எட்டு வைக்கப் பார்க்கிறாள். வைக்கட்டும் கண்ணுகளா. தரை காய்ந்துதான் இருக்கிறது, வழுக்காது.